தளத்தின் அடிப்பக்கம்

செம்பாக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வீடுகளின் முகம் ஏறக்குறைய ஒன்றுதான். கீழே கார் நிற்க ஒரு போர்டிகோ. அதன் மேல் மாடி வீட்டின் சிட்-அவுட், கூரை இல்லாமல், மூன்றடிக் கைப்பிடிச்சுவரோடு. வேளச்சேரி – தாம்பரம் சாலையின் இரு பக்கமும் மனைகள் விலைபோன காலத்தில், வங்கிக் கடனில் தங்களுக்குக் கீழ்வீடும் வாடகைக்கு மாடியும் எழுப்பியவர்கள் எல்லோரும் ஒரே வரைபடத்தைக் கைமாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்றே தோன்றும். மாடியில் இருப்பவர் சிட்-அவுட்டில் துணி காயப்போடுகிறார், துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். கீழே இருப்பவர் அதே தளத்துக்கு அடியில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறார். மேல்பக்கத்தைப் பெருக்குகிறோம், துடைக்கிறோம், டைல்ஸ் ஒட்டுகிறோம். அடிப்பக்கத்தை, அது ஒழுகும் வரைக்கும், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இப்போது அந்த அடிப்பக்கத்துக்கு ஒரு மவுசு வந்திருக்கிறது. புதிதாக பெயின்ட் அடிக்கிற வீடுகளிலெல்லாம் போர்டிகோவுக்கு சீலிங் போடுகிறார்கள். மர நிறத்தில் பிவிசி பேனல், ஓரத்தில் எல்இடி பட்டை விளக்கு. இரவில் பார்த்தால் ஓட்டல் வாசல் மாதிரிதான். ஜிப்சம் போர்டு வெளியில் தாங்காது, ஈரம் பட்டால் உப்பிவிடும். பிவிசி நனையாது, கரையான் அரிக்காது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். சீலிங்காரர்கள் சொல்லும் இந்தக் குணங்கள் எல்லாமே உண்மை. அதில் எனக்குச் சண்டை இல்லை.

எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. காரணம் கறை. சுண்ணாம்பு அடித்த அடிப்பக்கத்தில் பழுப்பு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக. ஐப்பசி தாண்டும்போதெல்லாம் புதிதாக ஒன்று. தெருப்பக்க விளிம்பில் ஒரு விரிசல். அதிலிருந்து பென்சில் முனை அளவுக்கு வெள்ளையாக ஒரு குச்சி தொங்கியது. விரல் பட்டால் மாவாக உதிரும். சிமென்ட்டில் இருக்கும் சுண்ணாம்பை மழைநீர் கரைத்துக் கீழே கொண்டுவருகிறது, காற்றிலுள்ள கரியமில வாயு பட்டதும் அது கல்லாக இறுகுகிறது. குகைகளில் இப்படிப்பட்ட தொங்கல்கள் வளர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். சிமென்ட்டின் சுண்ணாம்பு எளிதில் கரைவதால் போர்டிகோவுக்குச் சில மழைக்காலங்களே போதும். புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் குடைவரைக்குள் நின்று நிமிர்ந்தால், 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து ஓவியன் தலைக்கு மேலே ஒரு தாமரைக் குளத்தையே வரைந்துவைத்திருக்கிறான். மீனும் யானையும் பூப்பறிக்கும் ஆட்களுமாக. அவன் ஆசைப்பட்டுக் குளத்தை மேலே ஏற்றினான். எங்களுக்கு அது கேட்காமலே வந்து சேர்ந்தது.

பேனல்காரர் மாதிரிப் பலகைகளோடு வந்தார். அளந்து பார்த்துவிட்டு, "சதுர அடி 120 ரூபா சார். ரெண்டு நாள் வேலை. ஜிஐ சேனல் அடிச்சு பேனலைச் சொருகிட்டா, மேல என்ன இருக்குன்னே தெரியாது" என்றார். கடைசி வாக்கியத்தை அவர் பொருளின் சிறப்பாகத்தான் சொன்னார். எனக்கு அதில்தான் இடறியது.

என் மனைவிக்கு இடறவில்லை. "நீங்க காலையில பத்து நிமிஷம் பேப்பரோட உட்கார்றீங்க. சாயந்திரம் முழுக்க ட்யூஷன் பிள்ளைங்களை நான் அங்கதான் உட்காரவைக்கிறேன். காரை பேந்து ஒரு பிள்ளை தலையில விழுந்தா யார் பதில் சொல்றது? அவங்க அம்மாவெல்லாம் வந்து நின்னு மேலயேதான் பாக்குறாங்க" என்றாள். அழகுணர்ச்சி என்று இதைத் தள்ளிவிட முடியாது. வீட்டின் எந்தப் பகுதியை யார் எவ்வளவு நேரம் புழங்குகிறார்களோ, அந்தப் பகுதியைப் பற்றிய பேச்சில் அவர்கள் சொல்லுக்குக் கனம் அதிகம். அதோடு, மேற்கு பார்த்த வீடு. மதிய வெயிலை வாங்கிய தளம் இரவு எட்டு மணிக்கும் அனலாக இறக்கும். நடுவில் ஒரு காற்றிடைவெளி இருந்தால் கொஞ்சம் தணியும் என்பதும் சரிதான்.

பிறகு மேஸ்திரி வந்தார். கிழக்குத் தாம்பரத்துக்காரர், வயதானவர். ஏணி போட்டு ஏறி, கரணையைத் திருப்பிப் பிடித்து மரப்பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். "கேளுங்க சார். இங்க கணீர்னு இருக்கு. இங்க?" பொத்தென்று ஒரு சத்தம். சாக்பீஸ் வாங்கி அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார். மறுபடி தட்டல், மறுபடி கோடு. அவர் இறங்கியபோது தளத்தின் அடியில் ஏதோ ஒரு நாட்டின் வரைபடம் இருந்தது. கறை இருந்த இடமும் கோடு விழுந்த இடமும் பாதிக்கு மேல் பொருந்தவில்லை. வெள்ளையாக, சுத்தமாகத் தெரிந்த ஓரிடத்தில்தான் பெரிய பொத்தல் சத்தம். "உள்ள கம்பி துரு புடிச்சு உப்பியிருக்கு சார். காரை கம்பியை விட்டுப் பிரிஞ்சுடுச்சு. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்."

அவர் காதால் கண்டதைப் பொறியியல் நூல்கள் வேறு பாஷையில் சொல்கின்றன. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை பிஎச் அளவில் 12க்கு மேல். அந்தக் காரம் இருக்கும் வரை கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் நின்று துருவைத் தடுக்கும். காற்றின் கரியமில வாயு வெளிப்பரப்பிலிருந்து உள்நோக்கி ஆண்டுக்கணக்கில் நுழைந்து அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அது கம்பியைத் தொட்ட பிறகு ஈரமும் சேர்ந்தால் துரு. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாதபோது காரையைத் தள்ளும். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவில் எவ்வளவு கான்கிரீட், அதாவது கவர், இருக்கிறதோ அவ்வளவு ஆண்டுகள் நமக்குக் கிடைக்கும். ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரவிதி (2000ஆம் ஆண்டுப் பதிப்பு) மழை வெயில் படாத இடத்துக்கே 20 மில்லிமீட்டர் கேட்கிறது. நனைவதும் காய்வதுமாகக் கிடக்கும் கடுமையான சூழலுக்கு 45. கவர் பிளாக் வாங்காமல் கையில் கிடைத்த ஜல்லியைக் கம்பிக்கடியில் சொருகிவிட்டுக் கான்கிரீட் கொட்டிய தளங்கள் இந்தப் பகுதியில் எத்தனையோ. காலால் மிதித்ததும் ஜல்லி நழுவும், கம்பி பலகையில் உட்காரும். அங்கே கவர் என்று சொல்ல எதுவும் இருக்காது, பூச்சு மட்டும்தான்.

இன்னொன்றையும் மேஸ்திரி காட்டினார். எங்கள் சிட்-அவுட் உத்தரத்தைத் தாண்டித் தெருப்பக்கம் மூன்றடி நீட்டிக்கொண்டிருக்கிறது. இரு பக்கமும் தாங்கல் உள்ள தளத்தில் இழுவிசை அடியில் விழும், அதனால் முக்கியக் கம்பியும் அடியில் போகும். நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் எல்லாம் தலைகீழ். இழுவிசை மேலே, கம்பியும் மேலே. கான்கிரீட் சட்டி தூக்கும் சித்தாள்கள் அந்த மேல்கம்பியின் மீதேதான் நடப்பார்கள். அது அமுங்கிக் கீழே போய்விட்டால் பலம் போயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் முதல் விரிசல் மேல்பக்கம் வாய் திறக்கும், டைல்ஸுக்கு அடியில். "அடியை மட்டும் பாத்தா போதாது சார். மாடிக்காரங்களைத் துணி எடுக்கச் சொல்லுங்க, மேலயும் தட்டிப் பாக்கணும்."

நம்மூர்ப் பழைய கட்டடங்களில் இந்த வேவு பார்க்கும் வேலை இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. மெட்ராஸ் டெரஸ் என்று இந்த நகரத்தின் பேராலேயே ஒரு தளம் இருந்தது. தேக்கு உத்தரங்களை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் ஓரங்குல கனமுள்ள சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டத்தில், சுவருக்குக் கோணலாக, சுண்ணாம்புக் காரையில் அடுக்கிக்கொண்டே போவார்கள். அது இறுகியதும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டத் தட்ட, கலவை சுருங்கி கெட்டிப்படும். அதற்கும் மேலே தட்டோடு. மேல்பக்கத்துக்கு இத்தனை உழைப்பு. அடிப்பக்கத்துக்கு எதுவுமே இல்லை. கீழே நின்றால் உத்தரமும் செங்கல் வரிசையும் தெரியும், சில வீடுகளில் அதன்மேல் ஒரு கை சுண்ணாம்பு. ஒழுகினால் எத்தனையாவது உத்தரத்துக்குப் பக்கத்தில் என்று எண்ணிச் சொல்லலாம். கரையான் ஏறினால் மண்கோடு தெரியும். சுவருக்குள் போகும் உத்தரத்தின் முனை இற்றுப்போனால் விரல் வைத்துப் பார்க்கலாம்.

மறைக்கும் வழக்கம் நம்மிடம் அறவே இல்லை என்று சொல்லவும் முடியாது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் பங்களாக்களில் ஓலைக்கூரையைப் பார்க்கப் பிடிக்காமல், குறுக்கே துணியை இழுத்துக் கட்டி வெள்ளையடித்துக்கொண்டார்கள். துணிக்கு மேலே எலிகளும் அணில்களும் ஓடுவது, அவற்றைத் தேடிப் பாம்பு வருவது, படுக்கையிலிருந்தே அந்த ஓட்டத்தைத் துணியின் அசைவில் பார்ப்பது எல்லாம் அந்தக் காலத்து நினைவுக்குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற காட்சி. யாழ்ப்பாணத்தில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூரைக்கடியில் வெள்ளை கட்டுவார்கள். இங்கே பந்தலுக்கு மேற்கட்டி. விசேஷத்தின்போது தலையில் தூசி தும்பு விழக்கூடாது, அவ்வளவுதான், முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். கூரை மறுபடி கூரையாகத் தெரியும். அவிழ்க்க முடிகிற மறைப்பு என்ற இந்த எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. பேனல்காரரின் சேனல் சட்டகத்தில் அதற்கு இடமில்லை. ஒரு பேனலை எடுக்கவேண்டுமென்றால் ஓரத்திலிருந்து வரிசையாக எல்லாவற்றையும் உருவவேண்டும்.

மூடிவைத்த அடிப்பக்கம் என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் 2015 ஜூன் 16 அன்று, பிறந்தநாள் விருந்து ஒன்றில், அடுக்குமாடிக் கட்டடத்தின் பால்கனி பெயர்ந்து விழுந்தது. இறந்தவர்கள் 6 பேர், பெரும்பாலும் கோடை விடுமுறைக்கு வேலை செய்ய வந்திருந்த அயர்லாந்து மாணவர்கள். 7 பேருக்குக் காயம். கட்டி முடித்துப் பத்தாண்டுகூட ஆகாத கட்டடம். பால்கனியைத் தாங்கிய மரச்சட்டங்களுக்குள் ஈரம் புகுந்து, வெளியேற வழியில்லாமல், மரம் இற்றுப்போயிருந்தது. மேலே கான்கிரீட் பரப்பு, அடியில் பூசி மூடிய சீலிங். அழுகல் யார் கண்ணுக்கும் படவில்லை. 2018இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது: வாடகைக் குடியிருப்புகளின் பால்கனிகளையும் வெளித்தளங்களையும் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும், மூடியிருந்தாலும் உள்ளே பார்க்கவேண்டும் என்று.

இந்தக் கதையை நான் வீட்டில் வெற்றிக்களிப்போடு சொல்லியிருப்பேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் இன்னொன்று நினைவுக்கு வந்து நாக்கைக் கட்டிவிட்டது. 2021 ஜூன் 24, ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 12 மாடிக் குடியிருப்பு ஒன்று நள்ளிரவு தாண்டி இடிந்தது. 98 பேர். அங்கே கார் நிறுத்தும் இடத்துக்கு மேல்தான் நீச்சல்குளத் தளம் இருந்தது. அதாவது நம் சிட்-அவுட்டும் போர்டிகோவும், பெரிய அளவில். அந்தத் தளத்தை வாட்டம் கொடுக்காமல் மட்டமாகப் போட்டிருந்தார்கள் என்றும், தண்ணீர் வடியாமல் நின்று நீர்க்காப்புக்கு அடியில் உள்ள கான்கிரீட்டைக் கெடுக்கிறது என்றும் ஒரு பொறியாளர் 2018லேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். கார் நிறுத்துமிடத்தின் கூரையில் விரிசல்களும் உதிர்ந்த காரையும் திறந்தே கிடந்தன. கார் எடுக்க வந்த ஒவ்வொருவரும் அதன் அடியில்தான் நடந்தார்கள். செலவைப் பற்றிக் குடியிருப்போர் சங்கத்தில் விவாதம் நடந்துகொண்டே இருந்தது. மறைக்காமல் விட்டதால் மட்டும் ஒரு தளம் பிழைத்துவிடாது. என் மனைவி இதைக் கேட்டால், "அப்ப நீங்க இத்தனை வருஷம் பாத்துக்கிட்டு இருந்ததால என்ன ஆச்சு?" என்றுதான் கேட்பாள். கேட்கவும் செய்தாள்.

வாட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. வழக்கமான ஆண்டில் சென்னை முழு வருஷத்துக்கும் வாங்குவதே ஏறத்தாழ 140. அத்தனை தண்ணீரும் எங்கோ போயாகவேண்டும். செம்பாக்கம் ஏரியின் மிகைநீர் நன்மங்கலம் ஏரிக்குப் போய், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்கிறது. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் இந்தப் பூமியில் அந்தச் சில அடி இறக்கத்தைக் கண்டுபிடித்துக் கரை போட்டவர்களின் கண் அசாத்தியமானது. அவர்களுடைய ஆயக்கட்டின் மேல் வீடு கட்டிய நமக்கு பத்தடி அகலச் சிட்-அவுட்டில் ஓரங்குல வாட்டம் கொடுக்க முடியவில்லை. எங்கள் சிட்-அவுட்டில் ரசமட்டத்தை வைத்தபோது குமிழி நடுவில் நின்றது. பிறகு லேசாகத் தெருப் பக்கம் சாய்ந்தது! மழைத்தண்ணீர், அது வெளியேறவேண்டிய ஓட்டைக்கு எதிர்த்திசையில், மாடி வீட்டுக் கதவடிக்குப் போய் நிற்கிறது. ஓட்டையின் வாயிலோ குடித்தனக்காரரின் பூந்தொட்டி. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, தண்ணீர்தான் அந்தப் பக்கம் வருவதே இல்லையே.

மொட்டைமாடிக்கு ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதிக்க யாரும் மறப்பதில்லை. சிட்-அவுட்டை அறையின் தொடர்ச்சியாக நினைத்து, தளத்தின் மேல் நேராக டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். மழை அதை மொட்டைமாடியாகத்தான் நடத்துகிறது. போர்டிகோ ஒழுகல்களில் பெரும்பாலானவை இந்தக் குழப்பத்தில் பிறந்தவை என்பது மேஸ்திரியின் கட்சி. நான் தெருவில் பார்த்த வரை அதை மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

ஆகவே வேலை மேலே தொடங்கியது. டைல்ஸைப் பெயர்த்து, ஓட்டையை நோக்கி வாட்டம் கொடுத்து, கைப்பிடிச்சுவரும் தரையும் சேரும் மூலையை வளைவாகப் பூசி, நீர்க்காப்புப் பூச்சைச் சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்றினார்கள். பிறகு ஓட்டையை அடைத்துப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். அது நிற்கும்போது அடியில் போய் நிமிர்ந்து நிற்பதுதான் பரீட்சை. அந்தப் பரீட்சை எழுதத் திறந்த அடிப்பக்கம் வேண்டும். பேனல் போட்ட பிறகு எழுத முடியாது. கீழே, சாக்பீஸ் கோட்டுக்குள் இருந்ததையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்பு அடித்து, பாலிமர் கலவையால் நிரப்பினார்கள். ஓரிடத்தில் கம்பி பாதிக்கு மெலிந்திருந்தது, பக்கத்தில் புதுக்கம்பி கட்டவேண்டியதாயிற்று. நீட்டிக்கொண்டிருந்த மூன்றடியில் மேல்கம்பி அதன் இடத்திலேயே இருந்தது. கட்டியவருக்கு அதற்காக ஒரு நன்றி சொல்லலாம்.

சீலிங் பேச்சு முடிந்துவிடவில்லை. பிள்ளைகள் உட்காரும் பகுதிக்கு மட்டும், உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவில், இரண்டடிக்கு இரண்டடி சதுர அட்டைகள் வைக்கும் கிரிட் சீலிங் என்று இப்போதைக்கு உடன்பாடு. ஆபீஸ்களில் இருப்பதுபோல் எந்த அட்டையையும் கையால் தூக்கிவிட்டு மேலே எட்டிப் பார்க்கலாம். காற்றுக்கு அட்டை எகிறாமலிருக்க கிளிப் போடவேண்டும், குளவி புகாமலிருக்க ஓரம் அடைக்கவேண்டும். தெருப்பக்க நீட்டல் திறந்தேயிருக்கும். அதுவும் இந்தக் கார்த்திகை மழை ஒன்று முழுதாக அடித்துப் போன பிறகு. நிறம்தான் முடிவாகவில்லை. நான் வெள்ளை என்கிறேன், வெள்ளையில்தான் கறை பட்டால் உடனே தெரியும். அதனால்தான் தேக்கு நிறம் கேட்கிறேன் என்கிறாள் அவள்.